கூட வந்தவங்க யாரு?

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தான் கண்ணாடியை மாற்றினாரா, இல்லை இன்னும் பேப்பரை மூக்கில் ஒட்டிக்கொண்டுதான் படிக்கிறாரா?

போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. போன தடவை நீ பட்டென்று வைத்ததில் என் காது இன்னும் வலிக்கிறது. எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதுதான் காரணம்.

வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு சிவனே என்று இருந்தவனைப் பிடித்து விடுதிக்கு வார்டனாக்கிவிட்டார்கள், தெரியுமல்லவா? சனிக்கிழமை வந்தால் போதும், மாடிக் குளியலறைகள் நாறுகின்றன. இவர்கள் குடிப்பதை நீ பார்க்க வேண்டும். நம் பெரியப்பாவும்தான் குடித்தார். மெதுவாகக் குடித்து மெதுவாகக் கெட்டார். இவர்களுக்கு அந்தப் பொறுமைகூட இல்லை. ஒரே மூச்சில் இறக்க வேண்டுமாம். சுற்றி நின்று கைதட்டி எண்ணுகிறார்கள். பாதியில் நிறுத்துகிறவனுக்குப் ‘பால்புட்டி’ என்று பெயர் வைத்துவிடுவார்கள், படிப்பு முடியும்வரை அந்தப் பெயர் போகாது. ருசிக்காகவாவது குடிக்கிறார்களா என்று ஒருவனைக் கேட்டேன். “கசக்குது சார், அதான் சீக்கிரமா குடிச்சு முடிச்சிடறோம்” என்கிறான். 

கல்லூரியில் இதற்கென்று ஒரு குழு போட்டிருக்கிறார்கள். முதல்வர், பொருளாளர், விளையாட்டு ஆசிரியர், நான். முதல் கூட்டத்தில் அடுத்த கூட்டத்தை எப்போது வைப்பது என்பது மட்டும் ஒருமனதாக முடிவானது.

நீ அவசர சிகிச்சைப் பிரிவில் தலைமை நர்ஸ். இந்தக் கூத்தையெல்லாம் தினமும் பார்க்கிறவள். என்ன செய்யலாம், சொல். உன் பெண் வாயாடி எப்படி இருக்கிறாள்? மாமாவை மறந்துவிட்டாளா?

உன் தம்பி

ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் அப்படியேதான் கோழி கிளறியதுபோல் இருக்கிறது. என் முழங்கால் என்னோடு வேலைக்கு வந்து, என்னோடு திரும்பி வருகிறது. அத்தான் கண்ணாடியை மாற்றவில்லை. நீ ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

கேட்டாய், சொல்கிறேன். குழுவும் வேண்டாம், கும்மியும் வேண்டாம். பிடித்த அன்றைக்கே மூட்டையைக் கட்டச் சொல். குடித்தவனை மட்டுமில்லை, பக்கத்தில் நின்றவனையும் சேர்த்து அனுப்பு. ரெண்டு பேர் போனால் மீதிப் பேர் தானாக அடங்குவார்கள்.

எங்கள் வார்டுக்கு வாரக் கடைசியில் வந்து பார். நேற்று முளைத்த மீசையோடு படுக்கையை நனைத்துக்கொண்டு கிடப்பான். ஒருத்தன் என்னை அம்மா என்று கூப்பிடுவான், ஒருத்தன் உதைப்பான். நான் எல்லாரிடமும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “கூட வந்தவங்க யாரு?” யாராவது வந்தால்தானே எதைக் குடித்தான், எவ்வளவு குடித்தான் என்று தெரியும்? பாதி நேரம் பதில் சொல்ல ஆள் இருக்காது. இதுதான் இவர்களுடைய நட்பின் லட்சணம்.

என் வீட்டிலும் இதே சட்டம்தான். வாயாடி கல்லூரியில் சேர்ந்த அன்றே உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். “அந்த வாடையோட நீ படியேறினா எனக்குப் பொண்ணே இல்லன்னு நெனச்சுக்குவேன். அந்த மாதிரிக் கூட்டத்தோட உன்னைப் பார்த்தாலும் அதேதான்.” அவள் சிரித்துக்கொண்டே, “சரிங்க ஹெட் நர்ஸ்” என்றாள். பிள்ளைகளுக்குப் பயம் வேண்டும் தம்பி. நீ சின்ன வயசிலிருந்தே இளகின மனசுக்காரன், அதனால்தான் உன் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள்.

மாத்திரையை மறக்காதே.

அக்கா

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரை போடுகிறேன், போடுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அங்கே வெயில் தணிந்ததா?

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். இரண்டு பேரை அனுப்பினோம். ஒருவன் குளியலறைத் தொட்டியில் தலையை விட்டுக்கொண்டு வாந்தி எடுத்தவன். இன்னொருவன், அந்தத் தலை தண்ணீருக்குள் போய்விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவன். பிடித்தவன் குடிக்கவில்லை, ஊதச் சொல்லியே பார்த்தேன். ஆனால் பக்கத்தில் நின்றான். உன் சட்டப்படி அவனும் போனான்.

அவன் அப்பா பஸ் டிரைவர். சீருடையோடு நேராக வந்து நின்றார். சத்தம் போடவில்லை. “என் பையன் குடிக்கல சார். புடிச்சுக்கிட்டான், அவ்வளவுதான். புடிக்காம விட்டிருக்கணுமா?” என்று கேட்டார். விதி என்றால் விதிதான் என்று முதல்வர் பதில் சொன்னார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழு மும்முரமாக இருக்கிறது. மூச்சைச் சோதிக்கும் கருவி ஒன்று வாங்கினார்கள். அதில் முதலில் மாட்டியவர் பொருளாளர். வாய் கொப்பளிக்கும் மருந்தாம். பிறகு விழிப்புணர்வுச் சுவரொட்டிப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு வாங்க மேடையேறியவன் முதல்வரின் கையைப் பிடித்துக் குலுக்கினான், குலுக்கினான், விடவே இல்லை. கிட்டே போனபோதுதான் தெரிந்தது, அவன் நிற்பதே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் என்று.

ஆனால் ஒன்று, நீ சொன்னது பலித்துவிட்டது. விடுதி அடங்கிவிட்டது. சனிக்கிழமைகளில் சத்தமே இல்லை. முதல்வர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கு என்னவோ இந்த அமைதி பிடிக்கவில்லை.

உன் தம்பி

ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே எனக்குத் தூக்கம் சரியில்லை. வாயாடிக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், சாப்பிடாமல் சுருண்டு கிடக்கிறாள். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

அமைதி பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். உனக்குச் சத்தம் இருந்தாலும் குறை, இல்லாவிட்டாலும் குறை. போன சனிக்கிழமை இங்கே நடந்ததைக் கேள், அப்புறம் சொல்.

சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, எங்கள் வாசல் பெஞ்சில் ஒரு பெண்ணைக் கிடத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். நெட்டையான பெண், ஒரு காலில்தான் செருப்பு. காரிலிருந்து பெண்கள் இறக்கினார்கள், திரும்ப ஏறிப் போய்விட்டார்கள் என்று காவலாளி சொன்னார். மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறார்கள், பாவிகள். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. தலையில் அடிபட்டதா, மாத்திரை ஏதாவது விழுங்கினாளா, சொல்ல ஒரு ஜீவன் இல்லை. டாக்டர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்குள் நேரம் போய்விட்டது. இப்போது குழாய் வைத்து மெஷினில் மூச்சு விடுகிறாள். அவள் அம்மா தையல் கடை வைத்திருக்கிறார். அளவு டேப் கழுத்தில் தொங்கத் தொங்க ஓடிவந்தார்.

வாயாடியின் கல்லூரிதானாம். தெரியுமா என்று கேட்டேன். “பார்த்திருக்கேன்மா” என்றாள், அவ்வளவுதான்.

தம்பி, இத்தனை வருஷ வேலையில் நான் யாரையும் சபித்ததில்லை. அந்தப் பெண்களைச் சபித்தேன். கூட இருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு, குப்பையைப்போல் கொட்டிவிட்டு ஓடியிருக்கிறார்கள். எந்த வீட்டில் வளர்ந்தவர்களோ! என் கையில் கிடைத்தால் அவர்களைப் பெற்றவளையும் சேர்த்து நாலு கேள்வி கேட்பேன். நீ இளகாதே. ஒருத்தரையும் விடாதே.

அக்கா

ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்காவுக்கு,

வாயாடிக்குக் காய்ச்சல் விட்டதா? அந்த நெட்டைப் பெண் கண் திறந்தாளா? உடனே எழுது.

நான் இங்கே நன்றாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுத்தம் செய்ய வந்த அம்மா, பெட்டிகள் வைக்கும் அறையைத் திறந்துவிட்டுக் கத்தினார். முதல் வருஷப் பையன் ஒருவன், பெட்டிகளுக்கு நடுவே சுருண்டு கிடக்கிறான். உடம்பு ஜில்லிட்டிருக்கிறது. மேலே போர்வை, தலைக்கு ஒரு மடித்த சட்டை, பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில். வெளியே பூட்டு! அவன் கூட்டாளிகள்தான் பூட்டியிருக்கிறார்கள். என் கண்ணில் படக் கூடாதாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டான். கொஞ்சம் தாமதமாகியிருந்தாலும் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார்.

பூட்டியவர்களைக் கூப்பிட்டுக் காட்டுக் கத்தல் கத்தினேன். “செத்துப்போயிருப்பானேடா! ஏன்டா என்கிட்ட சொல்லல?”

ஒருவன் அழுதுகொண்டே சொன்னான்: “சொன்னா அவனையும் அனுப்பிடுவீங்க, எங்களையும் அனுப்பிடுவீங்க. தலையைப் புடிச்சவனையே அனுப்புனீங்களே சார்.”

விடுதி ஏன் அமைதியானது என்று இப்போது தெரிந்துவிட்டது. குடிப்பது நிற்கவில்லை, கூப்பிடுவதுதான் நின்றிருக்கிறது. உன் சட்டம் நன்றாகவே வேலை செய்கிறது அக்கா. கோபத்தில் எழுதுகிறேன், நீயும் கோபித்துக்கொள், ஆனால் பதில் எழுது. இனி நான் என்ன செய்ய?

உன் தம்பி

செப்டம்பர் 17

அக்கா,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்கக்கூட இந்தத் தடவை தயக்கமாக இருக்கிறது. பதிலே இல்லை. கோபமா? இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டு தடவையும் அத்தான் எடுத்து, “அவ தூங்கறாப்பா” என்றார். நீ பகலில் தூங்குகிறவளா? வாயாடியைக் கூப்பிடுங்கள் என்றேன். “அவளும்தான்” என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது என்பது ஊருக்கே தெரியும்.

நான் எழுதியது உறைத்திருந்தால் மன்னித்துக்கொள். பூட்டியவர்களை என்ன செய்வது என்று குழு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. உறுதிமொழி எடுக்க வைக்கலாம் என்று விளையாட்டு ஆசிரியர் சொல்கிறார். எடுப்பார்கள். உறுதிமொழியையும் ஒரே மூச்சில் எடுத்து முடித்துவிடுவார்கள்.

ஒரு வரியாவது எழுது.

உன் தம்பி

அக்டோபர் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. உன்மேல் கோபமில்லை. இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. முன்னறைக்குத் திரை மாற்றினேன், நீல நிறம். அத்தானுக்கு லேசாக இருமல். முழங்கால் பரவாயில்லை. உனக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று எழுது.

அந்தச் சட்டத்தை மாற்று. உதவிக்கு ஆளைக் கூப்பிடுகிறவனையும் தூக்கிக்கொண்டு வருகிறவனையும் தொடாதே. அவன் குடித்திருந்தாலும் தொடாதே. அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்காதே. எதைக் குடித்தான், எவ்வளவு, எப்போது, இதைத் தவிர வேறெதுவும் கேட்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைக்க எல்லாருக்கும் சொல்லிக்கொடு. மல்லாக்க வைக்கக் கூடாது. உன் வீட்டுக் கதவைத் தட்டினால் நீ எரிந்து விழ மாட்டாய் என்று அவர்கள் நம்ப வேண்டும். அதை எப்படி நம்ப வைப்பாயோ, எனக்குத் தெரியாது.

ஏன் மாற்றிச் சொல்கிறேன் என்று கேட்காதே.

அக்கா

அக்டோபர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

ரத்த அழுத்தம் எவ்வளவா? உன் கடிதம் வரும்வரை கட்டுக்குள்தான் இருந்தது.

ஆகஸ்டில் “ஒருத்தரையும் விடாதே” என்கிறாய். அக்டோபரில் “ஒருத்தரையும் தொடாதே” என்கிறாய். நடுவில் ஏன் என்று கேட்கக் கூடாது. திரைத்துணியின் நிறம்வரைக்கும் எழுதத் தெரிந்தவளுக்கு அந்த நெட்டைப் பெண் பிழைத்தாளா என்று எழுத இடமில்லை. வாயாடியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நான் என்ன, மழை நிலவரம் கேட்டா எழுதினேன்?

கேட்கவில்லை, விடு. சொன்னதைச் செய்தேன்.

குழுவில் பெரிய ரகளை. “அப்படின்னா குடிக்கலாம்னு நாமளே லைசென்ஸ் கொடுக்கறோமா?” என்று முதல்வர் மேஜையைத் தட்டினார். “குடிச்சதுக்குத் தண்டனை உண்டு சார், கூப்பிட்டதுக்குத்தான் கிடையாது” என்றேன். புரியவில்லை. மறுபடி சொன்னேன். பொருளாளர், “எனக்குப் புரியுது, ஆனா ஒத்துக்க முடியல” என்றார். கடைசியில், “வார்டன் பொறுப்புல, பரீட்சை முடியறவரைக்கும்” என்று எழுதிக்கொண்டார்கள். ஏதாவது நடந்தால் என் தலை என்று அர்த்தம்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குப் போக்கிடம் இல்லை என்பதையும் சொன்னேன். நூலகத்தைப் பூட்டுகிறோம், மைதானத்து விளக்கை அணைக்கிறோம், கேன்டீனை மூடுகிறோம். அப்புறம் பையன்கள் அறைக்குள் என்ன செய்கிறார்கள் என்று ஆச்சரியப்படுகிறோம். மைதானத்து விளக்கு மட்டும் இப்போது எரிகிறது. பாதிப் பேர் விளையாடுகிறார்கள், மீதிப் பேர் அந்த வெளிச்சத்திலேயே குடிக்கிறார்கள்.

பையன்களைக் கூட்டிப் புது விதியைச் சொன்னேன். ஒருவனும் நம்பவில்லை. முகத்திலேயே தெரிந்தது. அதனால் பஸ் டிரைவர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பையன் பட்டறையில் டயர் கழற்றிக்கொண்டிருந்தான். “நீ செஞ்சது சரி, நான் செஞ்சது தப்பு. திரும்பி வா” என்றேன். அவன் அப்பா உள்ளேயிருந்து, “எழுதிக் கொடுக்கச் சொல்லுடா” என்றார். எழுதிக் கொடுத்தேன். அதை விடுதிப் பலகையிலும் ஒட்டினேன். பையன் வந்துவிட்டான்.

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். வேறு வழி?

உன் தம்பி

நவம்பர் 6

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் வாயாடி எழுதுகிறேன். நீங்களும் அத்தையும் நலமா? அப்பாவுக்கு இருமல் போய்விட்டது. அம்மா வேலைக்குப் போகிறார். உங்கள் கடிதங்களை அம்மா சாப்பாட்டு மேஜையிலேயே வைத்துவிட்டுப் போகிறார். நான் படிக்கட்டும் என்றுதான் வைக்கிறார் என்று நினைக்கிறேன். அதனால் படித்தேன்.

அம்மா எழுதாததை நான் எழுதுகிறேன். நெட்டையை வாசலில் விட்டுவிட்டு ஓடியவர்களில் நானும் ஒருத்தி.

அவள் என் வகுப்பு, என் பக்கத்து இடம். ஒரு தோழியின் வீட்டில் பெரியவர்கள் ஊரில் இல்லை. அங்கே கூடினோம். நான் கொஞ்சம்தான் குடித்தேன். ஆனால் நெட்டை ஒரே மூச்சில் குடித்தபோது கைதட்டி எண்ணியவர்களில் நானும் இருந்தேன் மாமா. அவள் நிறுத்தப் பார்த்தாள். நாங்கள் இன்னும் சத்தமாக எண்ணினோம். விழுந்ததும் சிரித்தோம். படம்கூட எடுத்தோம். தூங்கட்டும் என்று கட்டிலில் போட்டோம். போய்ப் பார்த்தபோது மூச்சு கொரகொர என்று வந்தது. நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன், நான்தான் கார் பிடித்தேன். “உங்கம்மா அங்கதானடி இருப்பாங்க” என்றார்கள். பரவாயில்லை என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

பெஞ்சில் படுக்க வைத்துவிட்டு, ஆளைக் கூப்பிட உள்ளே போகத் திரும்பினேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றிருந்தார். முதுகுதான் தெரிந்தது. யாருக்கோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் என் கால் திரும்பிவிட்டது. என் மேலெல்லாம் அந்த வாடை. காவலாளி வருகிறார், பார்த்துக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காரில் ஏறிவிட்டேன்.

எனக்கு வந்தது காய்ச்சல் இல்லை மாமா. அம்மா தினமும் வந்து, அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று அப்பாவிடம் சொல்வார். அப்புறம் ஓடிப்போனவர்களைத் திட்டுவார். நான் அடுத்த அறையில் போர்வைக்குள் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நெட்டை கண் விழித்து, குழாயை எடுத்தபோது அம்மாதான் பக்கத்தில் இருந்தாராம். அவள் பேசிய முதல் வார்த்தையே, “ஆன்ட்டி, உங்க பொண்ணு எங்க?” அப்படித்தான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கட்டிலில் உட்கார்ந்தார். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். “ஏன் உள்ள வரல?” என்று மட்டும் கேட்டார். “நீ உள்ள இருந்தேம்மா” என்றேன்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. சாப்பாடு வைக்கிறார், என் துணியை மடித்து வைக்கிறார், வாயைத் திறப்பதில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை மாமா. நீங்கள் சொன்னால் கேட்பார். அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்

நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பைக் கேட்கப் போவதில்லை. எப்படி இருப்பாய் என்று தெரியும். வாயாடி எனக்கு எழுதியிருக்கிறாள். எல்லாவற்றையும்.

முதலில் என் கதை. பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தேன். கதவு உடைகிற மாதிரித் தட்டுகிறார்கள். திறந்தால், ஒருவனைப் போர்வையில் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். முன்னால் நிற்கிறவன் டிரைவர் மகன். “சார், இது, இவ்வளவு, காலையில ஆரம்பிச்சான், ஒருக்களிச்சே வச்சிருக்கோம்” என்று பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சரியாகிவிட்டான். நன்றி சொல்வார்கள் என்று நினைத்தாயா? திரும்பி வரும் வழியில், “சார், எங்க மேல ஆக்‌ஷன் இல்லதானே? வீட்டுக்குப் போன் பண்ண மாட்டீங்கதானே?” என்று என் சட்டையைப் பிடித்து நச்சரித்தார்கள். அறைந்துவிடலாம்போல் இருந்தது. “இல்லடா, இல்லடா” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். முதல்வர் தூக்கி வந்தவர்களின் பெயர்களைக் கேட்டார். தர மாட்டேன் என்றேன். வார்டன் வேலை அநேகமாகப் போய்விடும். போகட்டும்.

இப்போது உன் கதை. அக்கா, அவள் ஓடியது தப்பு. எண்ணியது அதைவிடப் பெரிய தப்பு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீ வாயை மூடிக்கொண்டு அவளுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தால், அடுத்த தடவையும் அவள் உன் முதுகைத்தான் பார்ப்பாள். நீ பயப்படுவது எனக்குத் தெரிகிறது. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று. எது வேண்டுமானாலும் வரட்டும். பேசு.

உன் தம்பி

டிசம்பர் 8

அன்புள்ள தம்பிக்கு,

வேலை போய்விட்டதா, இருக்கிறதா? எதுவாக இருந்தாலும் மாத்திரையைப் போடு. இங்கே எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம். அத்தான் கடைசியில் கண்ணாடியை மாற்றிவிட்டார், இப்போது வீட்டில் தூசி இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்கிறார்.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் வாயாடியிடம், “கிளம்பு, நெட்டை வீட்டுக்குப் போறோம்” என்றேன். மறுபேச்சுப் பேசாமல் வந்தாள். அந்த அம்மா கதவைத் திறந்தார். “நீங்க வாங்க சிஸ்டர். அவ வேண்டாம்” என்றார். “அவளைக் கூட்டிட்டு வரத்தாங்க நான் வந்தேன்” என்றேன். “உங்க பொண்ணை நான் மன்னிக்கல.” “மன்னிக்க வேண்டாங்க. அவ சொல்றதைக் கேட்டா போதும்.” மூவரும் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தோம். உள்ளேயிருந்து நெட்டையின் குரல் வந்தது. இப்போது அவளுக்குச் சில வார்த்தைகள் சட்டென்று வருவதில்லை. தேடித் தேடிப் பேசுகிறாள். “யாரும்மா... அவளா? உள்ள விடும்மா. எனக்கு... என்னது அது... போர் அடிக்குது.”

வாயாடி அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். கைதட்டியதையும் சொன்னாள். அந்த அம்மா அழவும் இல்லை, தேற்றவும் இல்லை. முடிந்ததும், “அவ தினமும் சத்தம் போட்டு வாசிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். எனக்குக் கடை இருக்கு. நீ வந்து உட்காரு” என்றார். இப்போது தினமும் போகிறாள். நெட்டை வார்த்தை கிடைக்காமல் கோபப்பட்டுப் புத்தகத்தை வீசுகிறாளாம். இவள் எடுத்துக் கொடுக்கிறாளாம்.

திரும்பி வரும்போது தெருவில் வைத்து நான் பேசினேன். “அன்னைக்கு நான் உள்ள இல்லாம வேற யாராவது இருந்திருந்தா வந்திருப்பியா?” “வந்திருப்பேம்மா” என்றாள். தம்பி, இதைத்தான் உனக்கு எழுத முடியாமல் திரையைப் பற்றியும் மழையைப் பற்றியும் எழுதினேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கூட வந்தவர் யார் என்று கேட்டவள், என் பிள்ளை கூட வராததற்கு நானே காரணமாக நின்றிருக்கிறேன்.

நேற்று நடந்ததைக் கேள். சாயங்காலம் வார்டில் இருந்தேன். போன் வந்தது. “அம்மா, முதல்ல கேளு. திட்டறதை அப்புறம் வச்சுக்க. இங்க ஒருத்தி எழுந்திருக்க மாட்டேங்கறா.” அந்த ஒரு நொடியில் என் வாயில் என்னென்ன வந்தது என்று உனக்கு எழுத முடியாது. அத்தனையையும் விழுங்கிவிட்டு, “மூச்சு விடறாளா?” என்று கேட்டேன். “விடறா. ஒருக்களிச்சு வச்சிருக்கேன்.” “எங்க இருக்கீங்க?” வண்டி அனுப்பினேன்.

வண்டியிலேயே கூட வந்தாள். முன்வாசல் வழியாக, என்னோடு வேலை செய்கிற அத்தனை பேர் பார்க்க, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். “கூட வந்தவங்க யாரு?” என்று என் உதவி நர்ஸ் கேட்டாள். “நான்தான்” என்றாள். எதை, எவ்வளவு, எப்போதிலிருந்து என்று டாக்டரிடம் நின்று சொன்னாள். சும்மா சொல்லக் கூடாது, பெருமையாகவும் இருந்தது, மானம் போவதுபோலவும் இருந்தது.

ஆனால் தம்பி, இவர்களுக்கு அறிவே கிடையாதா? ஒரு பெண் வார்த்தையைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவள் வகுப்பிலேயே இன்னொருத்தி ஒரே மூச்சில் குடிக்கிறாளாம்! “நான் எண்ணலம்மா, போதும்னு சொன்னேன், யாரும் கேக்கல” என்கிறாள் இவள். நீ ஏன் அங்கே போனாய் என்றால், “நான் போகலேன்னா யாரு கூட வருவா?” என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள். நேற்று வந்தவள் காலையில் கண்ணைத் திறந்து முதலில் கேட்டது போன் சார்ஜர். அவள் அம்மா என்னைப் பார்த்து, “உங்க பொண்ணுதான் கெடுத்திருக்கணும்” என்றார். நான் இன்னும் எத்தனை நாள் இவர்களை ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டிருப்பது? யார்தான் அந்தக் கைதட்டலை நிறுத்துவது? உன் குழுவைக் கேட்டுச் சொல்.

இவ்வளவையும் அவளிடம் கொட்டிவிடாமல் இருக்கத்தான் காலையில் வார்டிலிருந்து வந்ததும் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதோ, எழுந்து வந்துவிட்டாள். “அம்மா, கோவமா இருக்கியா?” என்று கேட்கிறாள். “ஆமா” என்றேன். “சரி” என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா